மெத்தை வாங்கப் போகிறீர்களா?

அரண்மனைக்குள் ஒரு புலவர் வந்தார். நெடுந்தூரம் நடந்து வந்தவர். கால்வலி. உடல் அசதி. எதிரே ஒரு கட்டில் கிடந்தது. அதன்மேல் மெத்தென்று பூக்களைப் பரப்பியிருந்தார்கள். "அப்பாடா!" என்று படுத்தார். படுத்தவர் அப்படியே தூங்கிப் போனார்.

அது மனிதர் படுக்கும் கட்டில் அல்ல. அரசனுடைய வீர முரசை வைக்கும் கட்டில்! முரசை நீராட்டுவதற்கு எடுத்துப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் புலவர் ஏறிப் படுத்துவிட்டார். முரசு கட்டிலில் ஏறியவன் தலை தப்புவது கடினம்.

அரசன் வந்தான். பார்த்தான். வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்தான். புலவர் கண் விழிக்கும்வரை நின்று வீசிக்கொண்டிருந்தான்!

புலவர் பெயர் மோசிகீரனார். அரசன், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. இந்தச் செய்தி புறநானூற்றில் 50-ஆம் பாட்டில் இருக்கிறது.

புலவருக்குக் கிடைத்த யோகம் எல்லோருக்கும் கிடைக்குமா? மீஞ்சூரில் வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு எந்த அரசன் வந்து விசிறப் போகிறான்? தன் கட்டிலையும் மெத்தையையும் தானேதான் பார்த்து வாங்கவேண்டும். அதிலும் இப்போது கடைகளில் விற்கும் மெத்தைகளின் விலையைக் கேட்டால், வந்த தூக்கமும் போய்விடுகிறது!

மீஞ்சூரில் ஒரு குடும்பம்

மீஞ்சூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஆறு மாதக் கைக்குழந்தை, கணவனின் தாயார். ஆக நான்கு பேர்.

கணவனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. மூன்று ஷிப்டு. ஒரு வாரம் விடியற்காலையில் எழுந்து ரெயிலைப் பிடிக்கவேண்டும். அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வரிசையாக ஸ்டேஷன்களைத் தாண்டிப் போகவேண்டும். மறுவாரம் இரவு முழுவதும் வேலை. பகலில் தூக்கம். வெளியே லாரி சத்தம், உள்ளே குக்கர் சத்தம். இரண்டுக்கும் நடுவே தூங்கி எழவேண்டும்.

மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். தாயாருக்கு நாள்பட்ட இடுப்புவலி.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய மெத்தை. நடுவில் குழி விழுந்துவிட்டது. யார் எந்தப் பக்கம் படுத்தாலும் உருண்டு நடுவுக்கு வந்துவிடுகிறார்கள்!

சீட்டு எடுத்த பணம் 40 ஆயிரம் ரூபாய் கையில் இருக்கிறது.

"என்னங்க, வாங்கறதுதான் வாங்கறோம். நல்லதாவே ஒண்ணு வாங்கிடலாம்" என்கிறாள் மனைவி.

"இந்தக் காசுக்கு நாலு ஆடு வாங்கலாம்டா தம்பி" என்கிறார் தாயார்.

இரண்டும் நியாயமான பேச்சுதான். 40 ஆயிரம் ரூபாய் சும்மா வருமா? ராத்திரி ஷிப்டு பார்த்து, மெஷின் மிதித்துச் சேர்த்த பணம். அது மெத்தைக்குப் போனால் போனதுதான். வாங்கிய மெத்தை சரியில்லை என்று தெரிந்தால், பத்து வருஷத்துக்கு அந்தக் குழியிலேயே கிடக்கவேண்டியதுதான்.

கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு மெத்தையைத் தட்டிக் காட்டினார். "அக்கா, இது முழுக்க முழுக்க இயற்கை மெத்தை. தேங்காய் நார், ரப்பர் பால், பருத்தி, நடுவுல ஸ்பிரிங். வெளிநாட்டுல பணக்காரங்க எல்லாம் இதுலதான் படுக்கறாங்க" என்றார்.

முழுக்க இயற்கை என்றால் நடுவில் ஸ்பிரிங் எங்கிருந்து வந்தது? அது எந்த மரத்தில் காய்க்கிறது? இந்தக் கேள்வி மனைவிக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்!

பஞ்ச சயனம்

இயற்கைப் பொருளில் படுக்கை செய்வது வெளிநாட்டான் கண்டுபிடித்த வித்தை அல்ல. மார்கழி மாதம் விடியற்காலையில் மீஞ்சூர் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போனால் திருப்பாவை காதில் விழும். அதில் 19-ஆம் பாட்டில் கண்ணன் படுத்திருக்கும் 'பஞ்ச சயனம்' வருகிறது. ஐந்து வகைப் பொருள்களால் ஆன படுக்கை என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இலவம் பஞ்சும், பருத்திப் பஞ்சும், மயிரும், அன்னத்தின் மெல்லிறகும் அந்த ஐந்தில் சேரும். அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்ற ஐந்து குணங்களைக் குறிக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் வருகிறது. கட்டிலின் கால்கள் யானைத் தந்தம். அதன்மேல் அன்னத்தின் தூவியால் ஆன அணை. அத்தனை மெத்தென்ற படுக்கை இருந்தும் அரசிக்குத் தூக்கம் வரவில்லை. அரசன் போர்க்களத்தில் இருக்கிறான். தூக்கத்துக்கு மெத்தை மட்டும் போதாது என்பது நக்கீரருக்கே தெரிந்திருக்கிறது!

ஏழை எளியவர்கள் வீட்டில் அன்னத்தூவி ஏது? கோரைப் பாயும் இலவம் பஞ்சு மெத்தையும்தான். 'இலவு காத்த கிளி' கதை தெரியாதவர் உண்டா? காய் பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்திருந்தது. காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்தது. கிளிக்குக் கிடைத்த ஏமாற்றம் மனிதனுக்கு மெத்தையாயிற்று. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் வட்டாரம் இந்தப் பஞ்சுக்குப் பேர்போனது.

இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றிடமான குழல். மேலே மெழுகுபோன்ற பூச்சு. அதனால் தண்ணீரை லேசில் குடிக்காது. தன் எடையைப்போல் சுமார் 30 மடங்கு எடையைத் தண்ணீரில் மிதக்க வைக்கும். ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் திணித்தார்கள். 1942-ல் ஜாவா தீவு ஜப்பானியர் கையில் விழுந்தது. அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வருவது நின்றது. என்ன செய்தார்கள் தெரியுமா? எருக்கு இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் காய்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொன்னார்கள். சாக்கு சாக்காகப் பொறுக்கினார்கள். அந்தப் பஞ்சு மிதவைச் சட்டைக்குப் போயிற்று!

இலவம் பஞ்சுக்குக் குறையும் உண்டு. நாளாக ஆக அமுங்கிக் கட்டிதட்டும். நெருப்புப் பட்டால் சட்டென்று பற்றும். ஆனால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து, குறைந்த அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்து மறுபடியும் தைத்துவிடலாம். புது மெத்தையாகிவிடும். விலையுயர்ந்த ஸ்பிரிங் மெத்தைக்கு இந்த வசதி கிடையாது.

நார் எப்படி ஸ்பிரிங் ஆகிறது?

இப்போது கடைக்காரர் சொன்ன 'வெளிநாட்டுப் பணக்காரர்' மெத்தைக்கு வருவோம்.

ஸ்வீடன் நாட்டில் 1852-ல் ஒருவர் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலைத் தொடங்கினார். சேணத்துக்குள் குதிரை மயிரை வைத்துத் தைப்பார்கள். சேணம் தைத்தவர்களே மெத்தையும் தைத்தார்கள். அந்தக் குடும்பத்தின் கம்பெனிதான் இன்றைக்கு உலகத்திலேயே விலையுயர்ந்த கட்டில் மெத்தைகளைச் செய்யும் ஹாஸ்டன்ஸ். அதன் உச்ச ரகம் ஒன்றின் விலையில் சென்னையில் ஒரு வீடே வாங்கலாம். உள்ளே இருப்பவை என்ன? குதிரை மயிர், ஆட்டு ரோமம், பருத்தி, ஆளி நார், ஸ்பிரிங். அவ்வளவுதான்!

குதிரை மயிரில் என்ன அதிசயம்? அதைக் கயிறாக முறுக்குகிறார்கள். ஈரமும் சூடும் காட்டி அப்படியே வைக்கிறார்கள். பிறகு முறுக்கைப் பிரிக்கிறார்கள். பெண்கள் பின்னலைப் பிரித்தால் கூந்தல் நெளி நெளியாக நிற்கிறதல்லவா? அதுபோல ஒவ்வொரு மயிரும் சுருண்டு நிற்கும். அமுக்கினால் அமுங்கும். விட்டால் எழும். ஒவ்வொரு மயிரும் ஒரு குட்டி ஸ்பிரிங்!

இதே வித்தையைத் தேங்காய் நாரிலும் செய்கிறார்கள். நாரைக் கயிறாக முறுக்கி, சுருள் ஏறியபின் பிரித்து, அதன்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்திச் சூடேற்றுகிறார்கள். நாரும் நாரும் தொடும் இடமெல்லாம் ரப்பர் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நடுவே காற்று தாராளமாகப் போய்வரும். கேரளத்தில் ஆலப்புழையில் 1859-ல் ஜேம்ஸ் டாரா என்ற வெள்ளைக்காரர் கயிற்றுத் தொழிற்சாலை வைத்தார். 1960-களின் தொடக்கத்தில் கர்நாடகத்திலும் கேரளத்திலும் நார் மெத்தைக் கம்பெனிகள் முளைத்தன. இன்று நம் பொள்ளாச்சி பக்கம் போனால் நார் உரிக்கும் மில்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

ஸ்வீடன்காரனுக்குக் குதிரை மயிர் எதுவோ, நமக்குத் தேங்காய் நார் அது. ஈரத்தில் லேசில் மக்காது. அதனால்தானே கப்பல் கயிறு திரித்தார்கள்!

ஆனால் வெறும் நார் மெத்தை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதனால் மேலே ஒரு மெத்தென்ற அடுக்கு வேண்டும். அங்கேதான் ரப்பர் பால் நுரை வருகிறது. 1929-ல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியார் கண்டுபிடித்த வழி இது. முட்டையை அடிப்பதுபோல ரப்பர் பாலை நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, ஆவியில் வேகவைக்கிறார்கள். இட்லிபோலத்தான்! அச்சுக்குள் வரிசையாக ஊசிகள் நிற்கும். சூடு உள்ளே பரவுவதற்காக. வெந்தபின் எடுத்தால் ஊசி இருந்த இடமெல்லாம் துளைகள். லேடக்ஸ் மெத்தையில் சல்லடைபோல் துளை இருப்பதன் ரகசியம் இதுதான். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால் வடிக்கும் ரப்பர் மரங்களே இதற்குத் தாய்.

ஸ்பிரிங்கில் இரண்டு ஜாதி

ஸ்பிரிங் மெத்தை எல்லாம் ஒன்றல்ல.

பழைய முறையில், உடுக்கைபோல் இடை சிறுத்த ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்திருப்பார்கள். விலை குறைவு. உழைக்கும். ஆனால் ஒன்று அமுங்கினால் பக்கத்தில் உள்ளதும் இழுபடும். ஒருவர் புரண்டால் மற்றவரும் ஆடுவார்.

மற்றொன்று பை ஸ்பிரிங். கடையில் 'பாக்கெட் ஸ்பிரிங்' என்பார்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனித் துணிப்பையில் போட்டுத் தைத்திருப்பார்கள். இதற்கு வழி கண்டவர் கனடாவில் வாழ்ந்த ஜேம்ஸ் மார்ஷல் என்ற எஞ்சினீயர். 1900-ஐ ஒட்டிய காலம் அது. கையால் தைத்தார்கள். விலை கட்டவில்லை. 1925-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ் கம்பெனி மெஷின் வைத்துத் தைக்கத் தொடங்கியபின்தான் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிற்று.

மீஞ்சூர்க் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது ரகத்தில் ஒரு லாபம் இருக்கிறது. கணவன் காலை ஷிப்டுக்கு நான்கு மணிக்கே எழுகிறான். பிணைத்த ஸ்பிரிங் என்றால் மனைவியும் எழவேண்டியதுதான். பை ஸ்பிரிங் என்றால் அவன் பக்கம் மட்டும் எழும். அவள் பக்கம் அசையாது. ஷிப்டு வேலைக்காரர் வீட்டில் இது சின்ன விஷயமா?

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் மனைவி படுக்கட்டும். மறுபக்கம் கணவன் தொப்பென்று உட்காரட்டும். ஆட்டம் தெரிகிறதா இல்லையா என்று அவள் சொல்லிவிடுவாள். வெட்கப்பட்டால் ஆகாது!

கம்பியின் கனத்தையும் கேட்கவேண்டும். 'கேஜ்' எண் ஏற ஏறக் கம்பி மெலியும். பெரிய எண் என்றால் பெரிய கம்பி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஸ்பிரிங்கின் எண்ணிக்கையைச் சொல்லி அசத்துவார்கள். "ஆயிரம் ஸ்பிரிங் சார்!" என்பார்கள். எந்த அளவு மெத்தையில் ஆயிரம்? நம் கட்டில் அளவில் எத்தனை? அதைக் கேட்டால் எண்ணிக்கை இறங்கிவிடும்.

கட்டாந்தரைதான் இடுப்புக்கு நல்லதா?

"எனக்கு இடுப்புவலி. கல்லு மாதிரி மெத்தைதான் வேணும்" என்று தாயார் சொல்கிறார். அவர் மட்டுமா? பல வைத்தியர்களே வெகுகாலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள்.

ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு விறைப்பான மெத்தை. பாதிப் பேருக்கு நடுத்தர விறைப்புள்ள மெத்தை. யாருக்கு எது என்று அவர்களிடம் சொல்லவில்லை. 90 நாள் கழித்துக் கேட்டார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது! 2003-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் இது வெளிவந்தது.

கல் மாதிரியும் வேண்டாம். அல்வா மாதிரியும் வேண்டாம். மல்லாந்து படுத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்கலாம். கை தாராளமாகப் போனால் மெத்தை விறைப்பு. கையை நுழைக்கவே முடியாமல் உடம்பு புதைந்தால் மெத்தை தளர்ச்சி. கொஞ்சம் முயற்சி செய்து நுழைந்தால் சரி. ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் இறங்கி, முதுகெலும்பு நேராக நிற்கவேண்டும். உடன் வந்தவர் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும்.

ஒரு நிமிஷம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்துவருவதில் பயனில்லை. பத்து, பதினைந்து நிமிஷமாவது படுக்கவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்!

பெட்டியின்மேல் 'ஆர்த்தோ' என்று எழுதியிருந்தால் அதை ஒரு பெயர் என்று எடுத்துக்கொண்டால் போதும். வைத்தியர் எழுதிய சீட்டு என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு செய்தி, வயதானவர்களுக்கு. கட்டில் ஒன்றரை அடி. மெத்தை பத்து அங்குலம். கூட்டினால் பாட்டி ஏற ஸ்டூல் போடவேண்டும்! ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படியவேண்டும். ஓரம் சரிந்து வழுக்கக்கூடாது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும்.

பெரியவர்களுக்கு இதமான மெத்தை கைக்குழந்தைக்கு ஆகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை மெத்தென்ற மெத்தையில் குப்புறப் புரண்டால் முகம் புதையும். மூச்சு முட்டும். திரும்பவும் தெரியாது, அழவும் முடியாது. உலகத்துக் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: கைக்குழந்தை படுக்குமிடம் சமமாக, விறைப்பாக இருக்கவேண்டும். மல்லாக்கப் படுக்கவைக்கவேண்டும். பக்கத்தில் தலையணை, பஞ்சுப் பொம்மை, கனத்த போர்வை கூடாது. 'இயற்கை' மெத்தையானாலும் இதுதான் விதி. ஆறு மாதக் குழந்தைக்குத் தனியாக ஓர் இடம் அமைத்தபிறகே பெரியவர்களுக்குப் புது மெத்தை.

உப்புக் காற்றும் வெள்ளமும்

ஊருக்கு ஊர் மெத்தை வேறுபடும். குளிர் தேசத்தில் ஆட்டு ரோமம் கதகதப்பு. அது தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்தும் நனைந்ததுபோல் தெரியாது. நெருப்பும் லேசில் பற்றாது. நல்ல சரக்குத்தான். ஆனால் பூச்சி அரிக்கும். மீஞ்சூர் வெக்கையில் அடியில் கனமாகப் போட்டுக்கொள்ள யாருக்கு ஆசை வரும்? இங்கே காற்றோட்டம்தான் முதல் தேவை. நாரும் பருத்தியும் துளையிட்ட லேடக்ஸும் அதற்குத் தோது.

கடல் ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை. காட்டுப்பள்ளியில்தான் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகளில் உப்பு ஏறிய கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். நிலத்தடியில் உப்பு, காற்றிலும் உப்பு. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் ஊரில் மெத்தைக்குள் இருக்கும் கம்பி மட்டும் தப்புமா? ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வதே வழி. கட்டிலில் அடைத்துப் போட்ட பிளைவுட் பலகையைவிட, நெருக்கமான சட்டங்கள் நல்லது. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். வாரத்தில் ஒருநாள் விரிப்பை எடுத்துவிட்டு மெத்தையைக் காற்றாட விடலாம். லேடக்ஸைக் கடும் வெயிலில் போடக்கூடாது. பொரிந்துபோகும்.

தரையில் போட்டுப் படுக்கிறவர்கள் ஸ்பிரிங் மெத்தை வாங்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது யாருக்கு மறக்கும்? பஞ்சு மெத்தை நனைந்தால் பிரித்துக் காயப்போடலாம். உறையை வெளுக்கலாம். வெள்ளத்தில் ஊறிய ஸ்பிரிங் மெத்தையை என்ன செய்வது? தூக்கி எறிவதற்கும் நான்கு ஆள் வேண்டும். தாழ்வான தெருவில், கீழ்வீட்டில் குடியிருப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்குமுன் இதை நினைக்கவேண்டும்.

எது இயற்கை?

கடைக்குத் திரும்புவோம். மேல் உறை பருத்தி. அதில் பச்சை இலை படம். உள்ளே? பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து செய்த பஞ்சு நுரையாக இருக்கலாம்! அது கெடுதல் என்பதல்ல. விலை மலிவு. நன்றாகவும் உழைக்கும் ரகங்கள் உண்டு. ஆனால் இயற்கை என்று சொல்லி, இயற்கைக்கு உரிய விலையை வாங்கிக்கொண்டு, அதைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

லேடக்ஸிலும் கலப்பு உண்டு. மரத்துப் பாலோடு செயற்கை ரப்பரும் சேர்ப்பார்கள். "நூற்றுக்கு எத்தனை பங்கு மரத்துப் பால்?" என்று கேட்கவேண்டும். 'கோல்ஸ்' என்ற முத்திரை இருந்தால் மூலப்பொருளில் நூற்றுக்கு 95 பங்கு சான்று பெற்ற இயற்கை ரப்பர் என்று பொருள். துணிக்கு 'காட்ஸ்' முத்திரை. முத்திரை இல்லாமலும் நல்ல மெத்தை இருக்கலாம். ஆனால் முத்திரை இல்லாததற்கு முத்திரை விலை கொடுக்கவேண்டியதில்லை. ரப்பர் கையுறை போட்டால் உடம்பு தடிக்கிறவர்கள் லேடக்ஸுக்குள் இறங்குமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்கவேண்டும். "மேலே லேடக்ஸ் இரண்டு அங்குலம், நடுவே பை ஸ்பிரிங் ஐந்து அங்குலம், கீழே நார் ஒரு அங்குலம்" என்று அடுக்கு அடுக்காக எழுதித் தரச் சொன்னால், உள்ளதை உள்ளபடி விற்பவர் எழுதித் தருவார். தயங்கினால் அடுத்த கடை. பத்து வருஷ உத்தரவாதம் என்பார்கள். எத்தனை அங்குலம் குழி விழுந்தால் உத்தரவாதம் செல்லும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கத்தான் நாம் எழுத்துக் கற்றோம்!

ஏமாற்றினால் வழி உண்டு. 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுச் சொல்லலாம். திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பில் கையில் இருக்கவேண்டும். அவ்வளவே.

கடைசியில் என்ன வாங்கினார்கள்?

குடும்பம் அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் திரும்பியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார்கள். அரசிக்கு அன்னத்தூவி இருக்கட்டும். நமக்கு வேண்டியது என்ன?

ஷிப்டுக்காரர் படுக்கும் கட்டிலுக்குப் பை ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் மேலே மெல்லிய லேடக்ஸும் கொண்ட நடுத்தர விறைப்பு மெத்தை ஒன்று. சீட்டுப் பணத்தில் முக்கால்வாசி அதற்கு. எட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீர் புகாத மேலுறை ஒன்று. குழந்தைக்குத் தனி இடம். அதற்கு மெல்லிய, விறைப்பான நார் மெத்தை.

தாயார் தன் முடிவைத் தானே சொன்னார். "எனக்கு அந்தப் பழைய இலவம் பஞ்சையே பிரிச்சு அடிச்சுக் கொடுங்க. குழி போயிட்டா எனக்கு அதே போதும்."

மருமகள் விடவில்லை. "அத்தை, முதல்ல புது மெத்தைல ஒரு வாரம் படுத்துப் பாருங்க. இடுப்பு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றாள்.

கட்டிலை அளந்தார்கள். அதுவும் கடைக்காரர் சொன்ன கணக்கில் அல்ல. தச்சர் செய்த கட்டில். நீளம் 74 அங்குலம். கடையில் இருப்பது 72, 75, 78. ஓரத்துச் சட்டத்தின் உள்பக்கம் நாடாவை வைத்து மூன்று இடத்தில் அளந்து, தனி அளவு சொல்லிச் செய்யச் சொன்னார்கள். மெத்தை வந்ததும் முதல் சில மாதம் அடிக்கடியும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடவேண்டும் என்பதையும் காலண்டரில் எழுதி வைத்தார்கள்.

மெத்தை வந்தது. வேனிலிருந்து இறக்கினார்கள். இரண்டு ஆள் தூக்கினார்கள். மாடிப்படியில் பாதி ஏறியாயிற்று. படி திரும்பும் இடத்தில் மெத்தை திரும்பவில்லை! பஞ்சு மெத்தை என்றால் சுருட்டிக்கொண்டு போகலாம். ஸ்பிரிங்கை மடிக்க முடியுமா?

கட்டிலை அளந்தவர்கள் படியை அளக்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து தாம்புக் கயிறு வந்தது. மொட்டைமாடிச் சுவர்மேல் பழைய கோணியைப் போட்டு, நான்கு பேர் மேலே நின்று இழுத்தார்கள். கீழே தெருவே கூடிவிட்டது.

"ஆடு வாங்கியிருந்தா அதுவே படியேறி வந்திருக்கும்டா தம்பி" என்றார் தாயார்.

அன்றிரவு அவர்தான் முதலில் படுத்தார்.